டயர் மாத்தப் போறீங்களா? பக்கவாட்டுல இருக்குற அந்த எண்ணைப் படிக்காம கடைக்குப் போகாதீங்க!

‘185/65 ஆர்15’ என்றால் என்ன? பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லுமா? லாரி டயரில் மட்டும் ஏன் இரண்டு எடைக் குறியீடு? முழு விளக்கம் இதோ.

‘டயர் வெடித்ததில் கட்டுப்பாட்டை இழந்த கார் தடுப்புச் சுவரில் மோதி...’

செய்தி டெஸ்க்கில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இந்த வரி மனப்பாடம். ஊர்ப் பெயர் மாறும், உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை மாறும், வரி மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் அந்த டயர் ஏன் வெடித்தது, அந்த வண்டிக்கு அது சரியான டயர்தானா என்ற கேள்வி பெரும்பாலும் செய்திக்குள் வருவதே இல்லை.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டிராக்டர் டயர்களுக்கு 5 சதவீதம்தான். ‘விலை குறைஞ்சிருக்கே, மாத்திடலாம்’ என்று பலரும் கடைக்குப் போகிறார்கள். அங்கே கேட்கும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான்: “ஒரு சைஸ் பெருசா போட்டுக்கோங்க சார், வண்டி கெத்தா இருக்கும்!”

கெத்தா இருக்கும், சரி. பாதுகாப்பா இருக்குமா? அதுக்கான பதில் உங்க டயர் மேலேயே எழுதியிருக்கு. படிக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

வெண்பாவைச் சீர் பிரித்துப் படிப்பது போல, டயர் எண்ணையும் பிரித்துப் படிக்க வேண்டும். மாருதி ஸ்விஃப்ட் காரின் உயர் வகைகளில் வரும் அளவையே உதாரணமா எடுத்துக்குவோம்:

185/65 ஆர்15 88 எச்

- 185: டயரின் அகலம், மில்லிமீட்டரில். காற்று நிரப்பிய டயரின் ஒரு பக்கச் சுவரில் இருந்து மறு பக்கச் சுவர் வரை உள்ள தூரம் இது. தரையில் படும் பட்டையின் அகலம் அல்ல.

- 65: இதுதான் பலரையும் ஏமாற்றும் எண். இது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். அகலத்தில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். அதாவது 185-ல் 65 சதவீதம், சுமார் 120 மி.மீ.

- ஆர்: ரேடியல் டயர். உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் டயரின் ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்புக்கு நேராகக் குறுக்கே ஓடும். இன்றைய கார்களில் பெரும்பாலும் இதுதான்.

- 15: எந்த அளவு ரிம்மில் மாட்ட வேண்டும் என்பது. இது அங்குலம்.

- 88: எடைக் குறியீடு. 88 கிலோ இல்லை! அட்டவணைப்படி 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும்.

- எச்: வேகக் குறியீடு. மணிக்கு 210 கி.மீ. வரை.

ஒரே வரியில் அகலம் மில்லிமீட்டர், உயரம் சதவீதம், ரிம் அங்குலம், எடைக்கும் வேகத்துக்கும் தனித்தனிச் சங்கேதம்.

மில்லிமீட்டர் ஒரு பக்கம், அங்குலம் ஒரு பக்கம்: ஏன் இந்தக் கலப்படம்?

1888-ல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பல இடங்களில் டயர், ரிம் இரண்டையும் அங்குலத்தில் அளந்தார்கள். பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946-ல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. ரேடியல் பரவப் பரவ, டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதும் வழக்கமும் பரவியது. ரிம் மட்டும் பழைய அங்குலத்திலேயே நின்றுவிட்டது.

இதை மாற்றவும் ஒரு முயற்சி நடந்தது. 1975-ல் மிஷலின் ‘டிஆர்எக்ஸ்’ என்ற டயரைக் கொண்டுவந்தது. அதில் ரிம் அளவும் மில்லிமீட்டரில்தான். ஆனால் அந்த டயருக்கு அதற்கென்றே செய்த ரிம்தான் பொருந்தும். சாதாரண டயரை அந்த ரிம்மில் மாட்டவும் முடியாது. கடைசியில் அந்த முறை வழக்கொழிந்து போனது. அளவுமுறை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மூலைக் கடை வரை கிடைக்காத டயரை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதுதான் அதில் கிடைத்த பாடம்.

அந்த மிஷலினே இன்று திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் டயர் தயாரிக்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஜேகே, சியட், மதுரையில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா என்று தமிழ்நாடு முழுக்க டயர் ஆலைகள். 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறிய கூடமாகத் தொடங்கியதுதான் எம்ஆர்எஃப். டயர் செய்யும் ஊரில் இருந்துகொண்டு டயர் எண்ணைப் படிக்கத் தெரியவில்லை என்றால் எப்படி?

எடைக் குறியீடு: இதைக் குறைக்கவே கூடாது

கார்களில் அடிக்கடி வரும் சில குறியீடுகள்:

- 82 – 475 கிலோ
- 85 – 515 கிலோ
- 88 – 560 கிலோ
- 91 – 615 கிலோ
- 95 – 690 கிலோ
- 100 – 800 கிலோ

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். 88 குறியீடு உள்ள நான்கு டயர் சேர்ந்தால் 2,240 கிலோ தாங்குமே, ஒரு சின்னக் காரின் எடை அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலதானே, அப்புறம் என்ன கவலை?

கவலை இருக்கு. எடை நான்கு டயருக்கும் சமமாகப் பிரியாது. பிரேக் அடித்தால் முன்னால் பாயும். வளைவில் திரும்பினால் வெளிப்பக்க டயர் மேல் சாயும். பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கி நிறைய பெட்டி என்றால் பின் டயர்கள்தான் சுமக்கும். இன்னொன்று, அந்த 560 கிலோ என்பது காற்று சரியான அளவில் இருந்தால் மட்டுமே. காற்று குறைந்தால் டயர் தாங்கும் எடையும் குறையும். எழுத்து மட்டும் 88 என்றே இருக்கும்.

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அதில் சூடு உண்டாகும். மே மாத மதியம், நான்குவழிச் சாலை, முழு லோடு, தொடர்ந்து 100 கி.மீ. வேகம். இது எல்லாம் சேரும்போது உள்ளே ரப்பருக்கும் நூல் அடுக்குக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகும். ‘திடீர்னு வெடிச்சிருச்சு’ன்னு நாம சொல்றோம். டயரைப் பொறுத்தவரை அது திடீர் இல்லை.

வேக எழுத்து: அகரவரிசையில் ஒரு குழப்பம்

வேகக் குறியீடுகள் ஆங்கில எழுத்து வரிசையில் ஏறும்:

- எஸ் – மணிக்கு 180 கி.மீ.
- டி – 190
- யு – 200
- எச் – 210
- வி – 240
- டபிள்யூ – 270
- ஒய் – 300

‘எச்’ மட்டும் வரிசை தவறி, ‘யு’வுக்கும் ‘வி’க்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதைக் கவனிங்க. எச் என்பது எஸ்-ஐ விடக் குறைவு என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு.

‘நம்ம ஊர்ல யார் 210-ல போறாங்க?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த எழுத்து நீங்கள் போகும் வேகத்தை மட்டும் சொல்வதில்லை. அந்த வேகத்தில் உண்டாகும் சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதையும் சொல்கிறது. அதனால் நிறுவனம் சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

‘ஒரு சைஸ் பெருசு’: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது கடைக்காரர் சொன்ன யோசனைக்கு வருவோம். டயரின் மொத்த உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு போதும். பக்கச் சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் ரிம். ஒரு அங்குலம் 25.4 மி.மீ.

185/65 ஆர்15 டயருக்கு: பக்கச் சுவர் 120.25. இரண்டு பக்கமும் சேர்ந்து 240.5. ரிம் 15 × 25.4 = 381. மொத்தம் 621.5 மி.மீ.

அதே ஸ்விஃப்டின் தொடக்க வகைகளில் 165/80 ஆர்14 வருகிறது. அதைக் கணக்குப் போட்டால்: பக்கச் சுவர் 132, இரண்டு சேர்ந்து 264. ரிம் 355.6. மொத்தம் 619.6 மி.மீ.

கவனிச்சீங்களா? ஒன்று 14 அங்குல ரிம், இன்னொன்று 15 அங்குல ரிம். ஆனாலும் மொத்த உயரத்தில் வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. நிறுவனம் ரிம்மைப் பெரிதாக்கும்போது பக்கச் சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தை அப்படியே வைத்திருக்கிறது. சரியான முறையில் அளவை மாற்றுவது என்றால் இதுதான்.

இப்போ அதே 15 அங்குல ரிம்மில் ‘கொஞ்சம் அகலமா’ 205/65 போட்டால்? 65 என்ற எண் மாறவில்லையே, உயரம் அப்படியேதானே இருக்கும் என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். அது சதவீதம் என்று மேலேயே பார்த்தோம். 205-ல் 65 சதவீதம் 133.25. மொத்த உயரம் 647.5 மி.மீ. ஆகிவிடும். பழையதை விட 4 சதவீதத்துக்கும் அதிகம்.

அதனால் என்ன?

- ஸ்பீடோமீட்டர்: சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் மீட்டர் வேகத்தைச் சொல்கிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். மீட்டர் கணக்கில் 100 என்றால் உண்மையில் 104-க்கு மேல். மீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் நிறுவனங்கள் வைத்திருக்கும். அந்தப் பாதுகாப்பு இடைவெளியை நீங்களே கரைத்துவிடுகிறீர்கள். வேகக் கேமராவிடம் ‘மீட்டர்ல கம்மியாதான் காட்டுச்சு’ என்று சொல்ல முடியாது.

- ஓடோமீட்டர்: மீட்டர் 10,000 கி.மீ. காட்டும்போது வண்டி 10,400 கி.மீ.க்கு மேல் ஓடியிருக்கும். ஆயில் மாற்றும் கணக்கும் மைலேஜ் கணக்கும் தப்பும்.

- உரசல்: ஸ்டீயரிங்கை முழுசா திருப்பினாலோ, ஆள் நிறைந்த வண்டி பள்ளத்தில் இறங்கினாலோ டயர் வீல் ஆர்ச்சில் உரசலாம். பக்கச் சுவரில் தொடர்ந்து உரசினால் டயர் கிழியும்.

- ரிம் அகலம்: ஒவ்வொரு டயருக்கும் குறிப்பிட்ட அகல வரம்புக்குள் இருக்கும் ரிம்தான் பொருந்தும். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் டயர் நடுவில் உப்பி நிற்கும். தரையில் படும் பரப்பு குறைந்து, பிடிப்பும் குறையும்.

- மைலேஜ்: அகலமும் எடையும் கூடும்போது எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

பொதுவாக டயர் துறையில் சொல்லப்படும் கணக்கு, மொத்த உயரம் பழைய அளவில் இருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது. ஆனால் அதை விடவும் நல்ல வழி, உங்கள் மாடலுக்கு நிறுவனமே சொல்லும் அளவுகளுக்குள் நிற்பது.

அலாய் வீல் வாங்கும்போது பார்க்க வேண்டிய நான்கு எண்கள்

டயருக்கு மட்டுமில்லை, ரிம்முக்கும் தனி மொழி இருக்கு. ‘15 இன்ச் அலாய்’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் பாதி விவரம் விட்டுப்போகும்.

- அகலம்: ‘6ஜே’ என்று எழுதியிருந்தால் ரிம்மின் உள் அகலம் 6 அங்குலம். ‘ஜே’ என்பது விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும்.

- பிசிடி: 4×100 என்றால் நான்கு போல்ட், அவை 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கும். 5×114.3 என்றால் ஐந்து போல்ட், 114.3 மி.மீ. வட்டம். ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. ‘அட்ஜஸ்ட் பண்ணி மாட்டிடலாம்’ என்று யாராவது சொன்னால், அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

- ஆஃப்செட்: ‘இடி45’ என்பது போல எழுதியிருக்கும். சக்கரம் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் எண். எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க அழகா இருக்கும், ஆனா வீல் பேரிங்குக்குச் சுமை கூடும்.

- நடுத் துளை: ரிம்மின் நடு ஓட்டை வண்டியின் ஹப்பில் சரியாக உட்கார வேண்டும். பெரிதாக இருந்தால் அதற்கென்று வளையம் போட வேண்டும். இல்லையென்றால் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும்.

பெரிய ரிம், ஒல்லி டயர்: நம்ம ரோட்டுக்கு ஒத்துவருமா?

மேலே சொன்ன முறைப்படி ரிம்மை 16 அங்குலமாக்கி 195/55 ஆர்16 போட்டால் மொத்த உயரம் 620.9 மி.மீ. மீட்டர் கணக்கு கச்சிதம். ஆனால் பக்கச் சுவர் 120-ல் இருந்து 107 மி.மீ.க்கு இறங்கிவிடும்.

அந்த 13 மி.மீ. சின்ன விஷயமில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அடியை முதலில் வாங்குவது பக்கச் சுவருக்குள் இருக்கும் காற்றுதான். சுவர் ஒடுங்கினால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கும். உள்ளே நூல் அறுந்தால் வெளியே கட்டி போல ஒரு வீக்கம் தெரியும். அப்படி வீங்கிய டயரை ஒட்டி, தைத்துச் சரிசெய்ய முடியாது. மாற்றித்தான் ஆகணும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் சாலையில் பள்ளம் எங்கே என்றே தெரியாத ஊர்களில், தடித்த பக்கச் சுவர் ஒரு வகையில் இன்சூரன்ஸ் மாதிரி.

மழை என்றதும் இன்னொரு விஷயம். டயரில் வெட்டியிருக்கும் காடிகள் அழகுக்கு இல்லை. தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்றத்தான். காடி தேய்ந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் அதன் மேல் மிதக்கும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் அந்த நொடியில் வேலை செய்யாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார், லாரி டயர்களின் காடி ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 0.8 மி.மீ. அளவுகோல் தேவையில்லை. காடிக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

மகாராஷ்டிராவில் நாக்பூர் – மும்பை சம்ருத்தி விரைவுச்சாலையில் விபத்துகள் பெருகியபோது, 2023-ல் நுழைவுப் பகுதிகளிலேயே டயர்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள். தேய்ந்த டயரோடு வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நீண்ட, நேரான, வேகமான கான்கிரீட் சாலையில் மோசமான டயர் என்ன செய்யும் என்பதைப் பார்த்த பிறகு எடுத்த நடவடிக்கை அது. தமிழ்நாட்டிலும் விரைவுச்சாலைகள் வந்துகொண்டிருக்கின்றன. நாமும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

லாரி டயர்: இது வேற கணக்கு

நாமக்கல், சங்ககிரி பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், லாரி முதலாளிக்கு டீசலுக்கு அடுத்த கவலை டயர்தான். அந்த டயரில் எழுதியிருப்பது கார் டயரைப் போல இருக்காது.

பழைய முறையில் 10.00 ஆர்20 என்று இருக்கும். அகலம் சுமார் 10 அங்குலம், ரிம் 20 அங்குலம். சதவீதக் கணக்கு இதில் எழுதப்படுவதில்லை. நடுவில் ‘ஆர்’ இல்லாமல் 10.00-20 என்று கோடு மட்டும் இருந்தால் அது ரேடியல் இல்லை. நம்ம ஊரில் ‘நைலான் டயர்’ என்று சொல்லும் பழைய வகை.

புதிய முறையில் 295/80 ஆர்22.5 என்று இருக்கும். இங்கே அந்த ‘.5’ ரொம்ப முக்கியம். 20 அங்குல டயர்கள் பெரும்பாலும் ட்யூப், ஃபிளாப் வைத்து, லாக் ரிங் போட்ட ரிம்மில் மாட்டுபவை. 22.5 என்றால் ட்யூப்லெஸ், ஒரே துண்டாகச் செய்த ரிம். டயர் ஒன்று, ரிம் இன்னொன்று என்று மாற்றி மாட்ட முடியாது.

லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் அது தெறித்து வந்து உயிரையே எடுக்கும். அதனால்தான் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்க வேண்டும் என்கிறார்கள். பல பஞ்சர் கடைகளில் அந்தக் கூண்டு இருப்பதில்லை. அங்கே வேலை பார்க்கிற தம்பிகளின் உயிரும் இந்தக் கணக்கில் சேரும்.

‘16 பிஆர்’ என்று எழுதியிருப்பது உள்ளே 16 அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பருத்தி நூல் காலத்தில் அடுக்கை எண்ணி வலிமையைச் சொன்னார்கள். இன்று அந்த வலிமைக்குச் சமம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

ஏன் இரண்டு எடைக் குறியீடு?

லாரி டயரில் ‘146/143’ என்பது போல இரண்டு எண் இருக்கும். முதல் எண், டயர் தனியாக ஓடும்போது, அதாவது முன் அச்சில். இரண்டாவது, பின்னால் ஜோடியாக ஓடும்போது. 146 என்றால் 3,000 கிலோ. 143 என்றால் 2,725 கிலோ.

ஜோடியா இருந்தா இன்னும் கூடத்தானே தாங்கணும், ஏன் குறையுது? காரணம், ஜோடியில் இரண்டு டயரும் எப்போதும் சமமாகச் சுமக்காது. ரோடு நடுவில் மேடாக இருந்தால் உள் டயருக்குச் சுமை கூடும். இரண்டுக்கும் நடுவில் காற்றோட்டம் குறைவு, சூடு வெளியேறாது. ஜோடியில் ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்றால் உயரமான டயர்தான் பாரத்தை எல்லாம் வாங்கும். அதனால் ஜோடிக்குக் குறைத்தே கணக்கு.

இப்போ ஒரு நிஜக் கணக்கு. 2018 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆனது.

143 குறியீடு உள்ள நான்கு டயர்: 4 × 2,725 = 10,900 கிலோ. பழைய 10.2 டன் வரம்புக்கு அது தாராளமாகப் போதும். புதிய 11.5 டன்னுக்கு 600 கிலோ குறைகிறது!

அதே 10.00 ஆர்20 அளவிலேயே 149/146 குறியீட்டோடும் டயர் கிடைக்கிறது. அதைப் போட்டால் 4 × 3,000 = 12,000 கிலோ. 152/148 குறியீடுள்ள 295/80 ஆர்22.5 என்றால் 4 × 3,150 = 12,600 கிலோ. இரண்டுமே போதும்.

அதாவது, ‘பத்து இருபது டயர் நாலு கொடுங்க’ என்று அளவை மட்டும் சொல்லி வாங்கினால், வரம்புக்குள் லோடு ஏற்றிய லாரியின் டயர்கூட வரம்பை மீறிச் சுமந்துகொண்டிருக்கலாம். அளவு ஒன்றுதான், தாங்கும் திறன் வேறு. வித்தியாசத்தைச் சொல்வது அந்தச் சின்ன எண் மட்டும்தான். வேகம் குறைந்தால் கொஞ்சம் கூடுதல் எடை தாங்கும் என்று டயர் நிறுவனங்கள் தனி அட்டவணை வைத்திருப்பது உண்மை. ஆனால் அதை நிறுவனத்திடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ‘மெதுவா போயிக்கலாம்’ என்று டிரைவர் அண்ணனிடம் சொல்லி அனுப்புவது பதில் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

- மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனத்தின் மூல வடிவமைப்பில் இருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளா தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

- 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் பிரிவு 182ஏ-வின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்தால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இது பிரச்சினையாகலாம்.

- வாகன டயர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கார் டயரில் ஐஎஸ் 15633, வணிக வாகன டயரில் ஐஎஸ் 15636 என்ற எண் இருக்கும்.

- 2022 ஜூனில் வந்த அறிவிக்கை, ஈரச் சாலையில் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் தர வரம்பைக் கொண்டுவந்தது. கார், இலகுரக லாரி, கனரக லாரி, பஸ் டயர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஸ்டெப்னி இல்லாத கார் சட்டப்படி சரியா?

சரிதான், ஆனால் நிபந்தனை உண்டு. 2020-ல் வந்த விதித் திருத்தப்படி, ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் ஆகியவை இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை.

சில கார்களில் ஸ்டெப்னி மட்டும் மற்ற டயர்களை விட ஒல்லியாக இருக்கும். அதில் 80 கி.மீ. என்று வேக வரம்பு எழுதியிருக்கும். அது பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு திருச்சி வரை போயிட்டு வந்திடலாம் என்று நினைக்காதீர்கள்.

‘ஸ்டெப்னி’ என்ற பெயரே ஒரு தெருவின் பெயர் என்பது தெரியுமா? வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு நிறுவனம் 1900-களின் தொடக்கத்தில் உபரிச் சக்கரம் விற்றது. அங்கேயே மறந்துபோன அந்தப் பெயர், நம்ம ஊர் டிக்கியில் இன்னும் பத்திரமா இருக்கு.

கடைக்குப் போகும் முன் ஒரு ஃபோட்டோ எடுங்க

1. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அதை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் காராக இருந்தால், இப்போது மாட்டியிருக்கும் டயரை நம்பாதீர்கள். பழைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம்.

2. புதிய டயரின் எடைக் குறியீடும் வேக எழுத்தும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ளதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கட்டும்.

3. தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் ‘டாட்’ என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் தேதி. 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். ‘புது டயர்’ என்று சொல்லி மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

4. ஐந்து வருடத்துக்கு மேலான டயரை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கின்றன நிறுவனங்கள். பத்து வருடம் ஆனால், காடி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஓடாத கார் டயருக்கும் வயசாகும். ஸ்டெப்னிக்கும் அப்படித்தான்.

5. இரண்டு டயர் மட்டும் மாற்றினால், புதியதைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். மழையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். ஒரே அச்சில் இரண்டு வேறு அளவு டயர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

6. காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். ‘அதிகமா இருக்கே’ என்று அப்போது இறக்கிவிட்டால், குளிர்ந்ததும் காற்று குறைந்த டயர் ஆகிவிடும்.

இவ்வளவுக்கும் சேர்த்து ஆகும் நேரம் பத்து நிமிடம். செலவு ஒன்றுமில்லை. ஒரு காரின் முழு எடையையும் உள்ளே இருக்கும் உயிர்களையும் ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான்.

ஊருக்குக் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து அந்த எண்களைப் படிச்சுட்டுப் போங்க. ‘டயர் வெடித்ததில்...’ என்று தொடங்கும் அந்த வரியை டெஸ்க்கில் ஒரு நாளாவது எழுதாமல் இருந்தால் எங்களுக்கும் சந்தோஷம்தான்.